தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை

கேள்வி கேட்கத் தெரியாதவளுக்கு ஆராய்ச்சி எதற்கு என்று யாராவது கேட்டால், பதில் சொல்ல எனக்கு வாயில்லை. இதுவரை யாரும் கேட்கவில்லை. அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

1958 ஜனவரியில் தென்காசி ஸ்டேஷனில் வந்து இறங்கியபோது எனக்கு வயது முப்பத்தொன்று. டிரங்குப் பெட்டியில் ‘டாக்டர் மங்களேஸ்வரி’ என்று வெள்ளைப் பெயிண்டில் எழுதியிருந்தது. சென்னையில் ஒரு நிறுவனம் இரண்டு வருஷ உதவித்தொகை கொடுத்து என்னை அனுப்பியிருந்தது. இந்தப் பக்கத்தில் சில தெருக்களில், பிறந்து இரண்டு மூன்று மாதமான கைக்குழந்தைகள் திடுதிப்பென்று செத்துப்போய்க்கொண்டிருந்தன. காய்ச்சல் கிடையாது, வயிற்றுப்போக்கு கிடையாது. காலையில் சிரித்துக்கொண்டிருந்த பிள்ளை சாயங்காலத்துக்குள் மூச்சுத் திணறிப் போய்விடும். ஏன் என்று நான் கண்டுபிடிக்க வேண்டும்.

மேலகரத்தில் ஒரு வீட்டின் முன்னறையை வாடகைக்குப் பிடித்தேன். கூடவே ஆயிரம் கார்டுகள் கொண்டுவந்திருந்தேன், ஒரு தாய்க்கு ஒரு கார்டு. நானே யோசித்து, நானே கட்டம் போட்டு, அச்சகத்தில் உட்கார்ந்து பிழை திருத்தியவை. தாயின் பெயர், வயது, பிறந்த பிள்ளைகள் எத்தனை, இருக்கிற பிள்ளைகள் எத்தனை, இருப்பதில் கைக்குழந்தை உண்டா. இரண்டு பிள்ளைகளுக்கு மேல் பறிகொடுத்தவள் மடியில் இப்போதும் ஒரு கைக்குழந்தை இருந்தால், அவள் கார்டின் மூலையில் சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு. சிவப்புக்கோட்டு வீடுகளுக்குப் புதன்கிழமைதோறும் போவேன். மற்ற வீடுகளில் கைக்குழந்தை இருந்தால் மாதம் ஒருமுறை. கைக்குழந்தையே இல்லாத தாயின் கார்டு பெட்டிக்குள் போய்விடும். அந்தக் கார்டைப் பார்த்துப் பார்த்து நான் பூரித்துப்போன அழகை இப்போது நினைத்தால் என்னை நானே அறையத் தோன்றுகிறது.

ஏப்ரல் மாதம் பேராச்சி வீட்டுக்குப் போனேன். அவளுக்கு இருபத்துமூன்று வயது இருக்கும். அவள் புருஷன் குத்தாலிங்கம் தென்காசியில் ஒரு அரிசி மில்லில் வேலை பார்த்தான். அடுத்த வீட்டில் அலிமா. அவள் புருஷன் தறி நெய்கிறவர். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு குட்டைச் சுவர், அதில் ஏறி நின்று அலிமாவின் ஆடு இந்தப் பக்கம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

பேராச்சி காதில் பஞ்சு அடைத்திருந்தாள். பிள்ளை பெற்ற உடம்பு என்று பார்த்ததும் தெரிந்தது. மடியில் இருபது நாள் பிள்ளை ஒன்று தூங்கிக்கொண்டிருந்தது.

“எத்தனை பிள்ளை பிறந்தது?” என்று கேட்டேன்.

“மூணு.”

“இருக்கிறது?”

“ஒண்ணும் தங்கல. மூணும் போச்சு” என்றாள்.

“அப்ப இந்தப் பிள்ளை?”

அவள் சுவர்ப்பக்கம் திரும்பினாள். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அலிமா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, “அது எம்பிள்ளைம்மா. பீர் மைதீன். பீருன்னு கூப்பிடுதோம்” என்றாள்.

“உங்க பிள்ளை இவங்க மடியில இருக்கே!”

“சும்மா வச்சிருக்கா. பிள்ளை என்னதுதான். தவிட்டுக்கு வாங்கின பிள்ளை” என்றாள் அலிமா.

நான் சிரித்தேன். வாய்விட்டே சிரித்தேன். சின்ன வயதில் என்னை அழவைக்க வேண்டுமென்றால் எங்கள் அக்கா இதைத்தான் சொல்வாள்: உன்னை அம்மா பெறவில்லை, தவிட்டுக்கு வாங்கினாள். தமிழ் பேசுகிற வீட்டில் இதைக் கேட்டு ஒருமுறையாவது அழாத பிள்ளை உண்டா? இந்த அம்மாளுக்குத் தன் பிள்ளையையே கேலி செய்கிற குஷி என்று நினைத்துக்கொண்டேன். அலிமா சிரிக்கவில்லை. அதை நான் கவனித்தேன், ஆனால் பொருட்படுத்தவில்லை.

பேராச்சியிடம் கடைசிப் பிள்ளை எப்போது பிறந்தது என்று கேட்டேன். போன மாதம் என்றாள். சொல்லும்போதே கண் நிரம்பியது. சரி, மூன்றாவதைப் பெற்று அது உடனே போய்விட்டிருக்கிறது, துக்கம் ஆறாமல் அடுத்த வீட்டுப் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டிருக்கிறாள் என்று நானே கதை கட்டிக்கொண்டேன். அழுகிறவளைத் துருவித் துருவிக் கேட்கக் கூடாது என்று பேனாவை மூடினேன். அதைப் பெருந்தன்மை என்று வேறு எண்ணிக்கொண்டேன். பேராச்சி: பிறந்தது மூன்று, இருப்பது இல்லை. கார்டு பெட்டிக்குள் போயிற்று. அலிமா: பிறந்தது ஐந்து, இருப்பது ஐந்து, கைக்குழந்தை உண்டு. திடமான உடம்பு, ஒரு பிள்ளையைக்கூடப் பறிகொடுக்காதவள். சிவப்புக் கோடு தேவையில்லை.

மே மாதம் எனக்கு விடை கிடைத்தது.

சிவப்புக்கோட்டு வீடுகளை ஒரு காகிதத்தில் புள்ளி வைத்துப் பார்த்தபோது, பாதிக்கு மேல் மில்லில் வேலை பார்க்கிறவர்கள் வீடு. பிள்ளை பெற்ற மனைவிக்கு நல்ல சோறு போட வேண்டுமென்று, மில்லில் இரண்டு தரம் தீட்டிய பச்சரிசியைப் புருஷன்மார் ஆசையாகக் கொண்டுவந்து கொடுத்தார்கள். மல்லிகைப் பூ மாதிரி வெள்ளைச் சோறு. அதையும் மூன்று தண்ணீர் விட்டுக் கழுவி, வடித்து, வெறும் மிளகு ரசத்தோடு பத்தியச் சாப்பாடு. பருப்பு கூடாது, கீரை கூடாது. நெல்லின் சத்தெல்லாம் தவிட்டோடு போய்விட்ட சோறு அது. அதைத் தின்கிறவள் பாலில் பி ஒன் என்கிற விட்டமின் இராது. அது இல்லாத பாலைக் குடிக்கிற பிள்ளைக்கு இரண்டாம் மாதத்தில் இதயம் வீங்கும். முதலில் குரல் போகும். வாயைத் திறந்து அழும், சத்தம் வராது.

அப்படிச் சத்தமில்லாமல் அழுத ஒரு பிள்ளையை மில்லுக்குப் பின்னால் ஒரு வீட்டில் பார்த்தேன். ஊசி போட்டேன். மூன்று மணி நேரத்தில் அது தெருவே கேட்கக் கத்தியது. பிள்ளை கத்துவதைக் கேட்டு அதன் தாயும் நானும் அழுதோம். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமான நாள் இன்னொன்று கிடையாது. சென்னைக்குத் தந்தி கொடுத்து மாத்திரைகள் வரவழைத்தேன். சிவப்புக்கோட்டுத் தாய்மார் முப்பத்தொரு பேர். முப்பத்தொரு பேருக்கும் புதன்கிழமைதோறும் என் கையால் மாத்திரை. அதன்பின் அந்த வீடுகளில் ஒரு பிள்ளைகூடப் போகவில்லை.

மே கடைசியில் ஒரு புதன்கிழமை. பையோடு பேராச்சி வீட்டைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தேன். அவள் வாசலுக்கு ஓடி வந்தாள்.

“எல்லாருக்கும் என்னவோ மாத்திரை குடுக்கியளாமே. எனக்குக் கெடையாதாம்மா?”

“இது கைப்பிள்ளை இருக்கிற அம்மாக்களுக்கு மட்டும்” என்றேன். “உனக்கும் ஒரு பிள்ளை உண்டாகட்டும். முதல் ஆளா உனக்குத்தான் தருவேன்.”

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு குட்டைச் சுவரைப் பார்த்தாள். உதடு அசைந்த மாதிரி இருந்தது. ஆனால் திரும்பி உள்ளே போய்விட்டாள். நான் அடுத்த சிவப்புக்கோட்டு வீட்டுக்கு நடந்தேன். பையில் மாத்திரை நிறைய இருந்தது. ஒரு பொட்டலம் கூடுதலாகக் கொடுத்திருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்?

ஜூனில் குற்றாலத்தில் சாரல் தொடங்கியது. மேலகரத்திலும் தெருவெல்லாம் நசநசவென்று ஈரம். ஒரு வியாழக்கிழமை பதினோரு மணி இருக்கும், அலிமா நனைந்துகொண்டே என் அறைக்குள் ஓடி வந்தாள். சேலைக்குள் சுற்றியிருந்த பீருவை மேஜையில் கிடத்தினாள்.

பிள்ளையின் வாய் திறந்திருந்தது. முகம் அழுகிற முகம். சத்தம் இல்லை. உதடு நீலம் பாய்ந்திருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புகளுக்கு நடுவே சதை உள்ளே போய் வந்தது.

பார்த்த உடனே என்ன நோய் என்று தெரிந்துவிட்டது. எப்படி என்றுதான் தெரியவில்லை. ஐந்து பெற்று ஐந்தும் இருக்கிற அலிமாவின் பிள்ளைக்கு இது எப்படி வரும்? ஊசியைப் போட்டேன். போட்டுக்கொண்டே, “நீங்க என்ன சோறு சாப்பிடுறீங்க? மில் அரிசியா? மீன் உண்டா, பருப்பு உண்டா?” என்று அலிமாவைக் கேட்டேன்.

“நான் எல்லாந்தான் திங்கேன். என்னைய ஏம்மா கேக்கிய? பிள்ளையப் பாருங்க” என்று அவள் அழுதாள்.

வாசலுக்கு வெளியே, தெருவின் அந்தப் பக்கம், சாரலில் பேராச்சி நின்றுகொண்டிருந்தாள். தலையில் முந்தானையைக்கூடப் போடவில்லை. ரவிக்கை முன்னால் முழுக்க நனைந்திருந்தது. மழை என்று நினைத்தேன்.

“அந்தப் பொண்ணு ஏன் நனைஞ்சிட்டு நிக்கிறா? உள்ள வரச் சொல்லுங்க.”

“அவ வரமாட்டா” என்றாள் அலிமா. “அவ வரப்படாதும்மா.”

இரண்டாவது ஊசியும் போட்டேன். மார்பை நீவிவிட்டேன். மருந்து வேலை செய்ய நேரம் வேண்டும். அந்தச் சின்ன இதயத்திடம் நேரம் இல்லை. இருபது நிமிஷம் இருக்கும். மூச்சு நின்றது. நான் காதை வைத்துக் கேட்டேன். திரும்பத் திரும்பக் கேட்டேன். பிறகு துணியை இழுத்து மூடினேன்.

அலிமா என்னைப் பார்க்கவில்லை. வாசலில் போய் நின்று தெருவைப் பார்த்து, “ஏட்டி, வா. இனி சொல்லலாம்” என்றாள்.

பேராச்சி வந்தாள். மேஜையிலிருந்து பிள்ளையை எடுத்தாள். முதலில் மெதுவாக, யாருக்கும் கேட்டுவிடுமோ என்பதைப் போல, “எம்பிள்ளை” என்றாள். பிறகு சத்தமாகச் சொன்னாள். பிறகு கூரையைப் பார்த்துக் கத்தினாள். “எம்பிள்ளை, எம்பிள்ளை, எம்பிள்ளை.” எழுபத்தெட்டு நாள் வாய்க்குள் அடக்கி வைத்திருந்த சொல் அது. ரவிக்கையை அவிழ்த்துப் பிள்ளையின் வாயில் வைத்தாள். பால் அதன் கன்னத்தில் வழிந்தது. ரவிக்கையை நனைத்தது மழை இல்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அலிமாதான் விளக்கிச் சொன்னாள். அடுத்தடுத்துப் பிள்ளை தங்காத வீட்டில், பிள்ளை தங்குகிற வீட்டுக்காரி ஒருத்தி பிள்ளையைத் தவிட்டுக்கு வாங்கிவிட வேண்டும். பேரும் அவள்தான் விட வேண்டும். ஐந்து வயது வரைக்கும் பெற்றவள் அதை என் பிள்ளை என்று வாயால் சொல்லக் கூடாது. சொன்னால், உயிரைக் கொண்டுபோகிறவன் காதில் விழுந்துவிடும்.

“முறத்துல தவிட்ட அளந்து குடுத்துத்தாம்மா வாங்கினேன். அன்னைக்கே ஒங்ககிட்ட சொன்னேன்லா” என்றாள் அலிமா. “நீங்க சிரிச்சிய.”

இதைவிடப் பெரிய தண்டனையை யாரும் எனக்குக் கொடுத்துவிட முடியாது. அவள் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான்.

பேராச்சி பிள்ளையை மடியை விட்டு இறக்காமல் என்னை நிமிர்ந்து பார்த்தாள். “மூணுன்னு எழுதினியல்லா? நாலும்மா. பொறந்தது நாலு. எழுதுங்க.”

பெட்டியைத் திறந்து அவள் கார்டைத் தேடி எடுத்தேன். மூன்றை அடித்துவிட்டு நான்கு என்று எழுதினேன். என் ஈரக் கை பட்டு மை கலைந்தது.

சாயங்காலம் பிள்ளையை அடக்கம் செய்துவிட்டு வந்தார்கள். நானும் அவர்கள் வீட்டுக்குப் போனேன், போகாமல் இருக்க முடியவில்லை. குத்தாலிங்கம் வாசலில் குனிந்து உட்கார்ந்திருந்தான். எழுந்து, “பச்சப்பிள்ளைக்காரின்னு மில்லுலயே ஒசந்த அரிசியால்லா கொண்டாந்து போட்டேன்” என்றான். அவனைத் தாண்டி உள்ளே போனேன். பேராச்சியிடம் ஒன்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

“அலிமா கொடுத்த தவிட்டை என்ன செஞ்சே?”

“மாட்டுக்கு வச்சேன்” என்றாள்.

அந்தத் தவிட்டில்தான் இருந்தது. நான் சென்னையிலிருந்து பொட்டலம் பொட்டலமாக வரவழைத்தது அத்தனையும், பிள்ளைக்கு விலையாக அளந்து கொடுத்த அந்த ஒரு முறம் தவிட்டில் இருந்தது. இதை நான் அன்று அவளிடம் சொல்லவில்லை. சொல்லுகிற தைரியம் எனக்கு வர இரண்டு வருஷம் ஆயிற்று.

என் அறிக்கையைச் சென்னையில் பாராட்டினார்கள். முப்பத்தொரு தாய்மார், முப்பத்தொரு பிள்ளைகள், அத்தனையும் உயிரோடு. அவர்கள் பாராட்டியது பொய்யில்லை. ஆனால் எனக்கு முப்பத்திரண்டாவது பிள்ளை ஒன்று உண்டு. அதைப் பறித்தது நோய் அல்ல, நான் போட்ட கட்டம். பிள்ளை யாருடையது என்று கேட்டேனே தவிர, யார் பாலைக் குடிக்கிறது என்று கேட்கவில்லை. நோய் பாலில் இருக்கிறது என்று கண்டுபிடித்த பிறகும் கேட்கவில்லை. அப்படிக் கேட்டிருந்தால் பேராச்சியின் வாயைக் கட்ட எந்த வழக்கமும் இல்லை.

மீதி இருந்த கார்டுகளை வெந்நீர் அடுப்பில் போட்டேன். தென்காசியில் ஓர் அச்சகத்தில் புதுக் கார்டு அடித்தேன். பிள்ளைக்குப் பால் கொடுப்பது யார் என்பதுதான் அதில் முதல் கட்டம். உதவித்தொகை முடிந்த பிறகும் நான் ஊருக்குப் போகவில்லை. அதே முன்னறையில் போர்டு மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். ஏன் போகவில்லை என்று அக்கா கடிதத்துக்குக் கடிதம் கேட்டாள். இங்கே சாரல் நன்றாக இருக்கிறது என்று எழுதினேன்.

1960 ஐப்பசியில் பேராச்சிக்கு ஐந்தாவது பிரசவம். பெண் பிள்ளை. மூன்றாம் நாள் அலிமா மறுபடியும் முறத்தில் தவிட்டோடு சுவரைச் சுற்றி வந்தாள் என்று கேள்விப்பட்டேன். ஷமீம் என்று பேர் விட்டாளாம். புதுக் கார்டை எடுத்துக்கொண்டு போனேன். காதில் பஞ்சோடு பேராச்சி உட்கார்ந்திருந்தாள். மடியில் பிள்ளை. சுவருக்கு அந்தப் பக்கம் அலிமா என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். இந்தத் தடவை நான் என்ன கேட்கப் போகிறேன் என்று இருவருக்கும் பயம்.

“இந்தப் பிள்ளைக்குப் பால் யார் கொடுக்கிறது?” என்று கேட்டேன்.

பேராச்சி பிள்ளையைப் பார்த்தாள், அலிமாவைப் பார்த்தாள். மூச்சை இழுத்து விட்டாள்.

“பாலு எம்பாலுதாம்மா” என்றாள்.

மாத்திரையை அவள் உள்ளங்கையில் வைத்தேன். விழுங்கும்வரை நின்றேன். பிறகு தரையில் உட்கார்ந்து, தவிட்டைப் பற்றி அவளிடம் சொன்னேன். பீருவைப் பற்றியும், அந்த முறத்தைப் பற்றியும் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழவில்லை. எழுந்துபோய் அலிமா கொண்டுவந்த முறத்தை எடுத்து வந்து, அதில் ஒரு பிடி அள்ளி, கருப்பட்டியோடு பிசைந்து என் கண்முன்னாலேயே தின்றாள். தொண்டையில் அடைத்துக்கொண்டு இருமினாள். தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி தின்றாள். நான் மாத்திரை போதும் என்றேன். “இருக்கட்டும்” என்றாள். ‘தாயின் பெயர்’ என்ற கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டு வந்தேன்.

இரண்டாம் மாதம் போயிற்று, மூன்றாவது போயிற்று, நான்காவதும் போயிற்று. புதன்கிழமைதோறும் அந்தப் பிள்ளை கத்துகிற சத்தம் தெருமுனையிலேயே கேட்கும். நான் அங்கேயே நின்று கேட்டுவிட்டுத்தான் மேலே நடப்பேன்.

1965-ல், தீபாவளி கழிந்து ஒரு காலைவேளை, பேராச்சி பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு என் அறைக்கு வந்தாள். தவிட்டைத் திருப்பிக் கொடுத்துப் பிள்ளையை வாங்கியாயிற்று. அலிமாவும் கூட வந்திருந்தாள், கண் சிவந்திருந்தது. ஐந்து வருஷம் வாயளவில் தாயாக இருந்தாலும் தாய்தானே.

“அந்தக் கட்டத்த இப்ப எழுதலாம்மா” என்றாள் பேராச்சி. “எம்மவதான். உலகம்மாள்னு பேரு.”

“நான் ஷமீமுன்னுதான் கூப்பிடுவேன்” என்றாள் அலிமா.

கார்டை எடுத்தேன். தாயின் பெயர்: பேராச்சி. பிறந்தது ஐந்து. இருப்பது ஒன்று. எழுதி முடித்துப் பேனாவை மூடப்போனேன்.

“அதுல இன்னொரு பேரு எழுத எடம் இருக்காம்மா?”

“பிள்ளை பேரை எழுதிட்டேனே.”

“இவளுக்கு இல்ல. நாலாவதுக்கு. மத்த மூணுக்கும் நான் கூப்பிட்ட பேரு உண்டு. அவன ஒரு தரங்கூட எம்மவனேன்னு கூப்பிட்டதில்ல.”

இறந்த பிள்ளைகளின் பெயருக்கு நான் புதுக் கார்டிலும் கட்டம் போடவில்லை. ஓரத்தில் இருந்த வெள்ளை இடத்தில் எழுதினேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. படித்துக் காட்டச் சொன்னாள்.

“பீர் மைதீன். தாய், பேராச்சி.”

“இன்னொரு தரம் படிங்கம்மா” என்றாள்.

நான் இன்னொரு தரம் படித்தேன்.